எவடம் எவடம், புளியடி புளியடி: புதிய ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

நியமனம் கிடைத்து முதல் தவணை முடிவதற்குள் இரண்டு விதமான அறிவுரை உங்கள் காதில் விழுந்திருக்கும். ஒன்று செயலமர்வில் கேட்டது: "விளையாட்டு, கலை, தொழில்நுட்பம் எல்லாம் பாவித்துப் படிப்பியுங்கோ." மற்றது ஆசிரியர் அறையில் பக்கத்துக் கதிரையிலிருந்து வந்தது: "உதெல்லாம் செய்துகொண்டிருந்தால் சிலபஸ் முடியாது பிள்ளை." இரண்டிலும் உண்மை இருக்கிறது. எல்லாப் பாடத்துக்கும் விளையாட்டுத் தேடினால் சிலபஸ் முடியாதுதான். ஒன்றுக்குமே தேடாவிட்டால், முடித்த சிலபஸ் பிள்ளைகளின் தலையில் தங்காது.

நான் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். ஸ்மார்ட் போர்ட் உள்ள வகுப்பிலும் நின்றிருக்கிறேன், மின்விசிறியே இல்லாத வகுப்பிலும் நின்றிருக்கிறேன். கீழே உள்ளவை ஒரு போன், ஒரு அளவுநாடா, கொஞ்ச வெண்கட்டி இருந்தால் செய்யக்கூடியவை.

முதல் வேலை: தடக்குப்படும் இடத்தைப் பிடிப்பது

"அடுத்த கிழமை ஒரு விளையாட்டு வைக்க வேண்டும்" என்று தொடங்காதீர்கள். போன தவணைப் பரீட்சைத் தாள்களை எடுத்து வையுங்கள். ஒரே பிழையைப் பதினைந்து பிள்ளைகள் ஒரே மாதிரி விட்டிருக்கும் கேள்வி ஒன்றாவது இருக்கும். அதைக் கொப்பியில் ஒரு வசனமாக எழுதுங்கள். என் கொப்பியில் இப்படி இருந்தது: "தரம் 10, நேர்கோட்டியக்கம். தூரமும் இடப்பெயர்ச்சியும் ஒன்று என்று நினைக்கிறார்கள்."

வசனத்தை எழுதியபின் கருவியைத் தேர்வது சுகம். ஒன்றுபோலத் தெரியும் இரண்டு விஷயங்களைப் பிள்ளைகள் குழப்புகிறார்கள் என்றால் விளையாட்டு நல்லது. கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் ஒன்று பிடிபடவில்லை என்றால் நடித்துக் காட்ட வைக்கலாம். பிள்ளைக்கு விளங்கிவிட்டது, பயிற்சிதான் போதாது, கேள்வி தயாரிக்க உங்களுக்கு நேரமும் இல்லை என்றால் அங்கே செயற்கை நுண்ணறிவு உதவும். இது என் அனுபவக் கணக்கு மட்டுந்தான், சட்டமில்லை.

விளையாட்டு: ஊரில் இருப்பதையே எடுங்கள்

தூரம், இடப்பெயர்ச்சிக்கு நான் எடுத்தது "எவடம் எவடம், புளியடி புளியடி". சின்ன வயதில் விளையாடியிருப்பீர்கள். இரண்டு கையிலும் மண்ணை ஏந்தி, அதில் ஒரு சின்னத் தடியைக் குத்தி, கண்ணைப் பொத்தி ஒருவரைக் கூட்டிப்போவார்கள். அவர் "எவடம் எவடம்" என்று கேட்க, மற்றவர் "புளியடி புளியடி" என்று சொல்லிச் சொல்லிச் சுற்றி வளைத்து நடத்துவார். ஓரிடத்தில் மண்ணையும் தடியையும் கொட்டவைத்து, திரும்பவும் சுற்றி வளைத்துத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து கண்ணைத் திறந்துவிடுவார். இனி அவர் தடியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

தூரம் என்றால் என்ன, இடப்பெயர்ச்சி என்றால் என்ன என்பது இந்த விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. புறப்பட்டதிலிருந்து தடியைக் கொட்டிய இடம்வரை நடத்திய பாதை முழுவதும் தூரம். புறப்பட்ட இடத்திலிருந்து தடிக்கு நேராகப் பிடித்த அளவும் அதன் திசையும் இடப்பெயர்ச்சி.

நான் செய்யும் ஒழுங்கு இது. ஐந்து ஐந்து பேராகக் குழு பிரிக்கிறேன்: நடப்பவர், நடத்துபவர், நேரம் பார்ப்பவர், அளவுநாடாக்காரர், கொப்பியில் எழுதுபவர். அளவுநாடாவை விளையாட்டு ஆசிரியரிடம் முதல்நாளே கேட்டு வைத்துவிடுவேன். பாடம் நேர்கோட்டியக்கம் என்பதால் முதற் சுற்றில் நிலத்தில் கீறிய ஒரு கோட்டின் வழியே மட்டும் முன்னும் பின்னும் நடக்கலாம். ஒரு குழு கிழக்கே 12 மீற்றர் போய், மேற்கே 5 மீற்றர் திரும்பி வந்து தடியை ஊன்றியது. தூரம் 17 மீற்றர். இடப்பெயர்ச்சி கிழக்கே 7 மீற்றர். இரண்டாஞ் சுற்றில் எப்படி வேண்டுமென்றாலும் சுற்றலாம் என்று விட்டேன். அங்கேதான் கலகலப்பு.

தடியைத் தேடி எடுத்த பெடியனிடம் கேட்டேன், "எவ்வளவு தூரம் நடந்தனீ?"

"அது கனக்க ரீச்சர். தலை சுத்துது."

"தடி எவ்வளவு தூரத்திலை கிடந்தது?"

திரும்பிப் பார்த்தான். "இந்தா, கிட்டத்தான். சும்மா சுத்திக் காட்டியிருக்கிறான்."

வரைவிலக்கணத்தை அதன் பிறகுதான் எழுதினோம். முதலில் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பிறகு விளையாடப் போயிருந்தால் அது வெறும் இடைவேளையாகப் போயிருக்கும்.

நேரத்தைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். 40 நிமிடப் பாடவேளையில் வெளியே போக 5, விளையாட 15, திரும்பி வந்து இருக்க 5, அளவுகளை வைத்துக் கணக்குச் செய்ய 10, கடைசி 5 நிமிடம் அரைத் தாளில் ஒரு கேள்விக்கு விடை. அந்த அரைத் தாளை வாங்காமல் பிள்ளைகளை விடாதீர்கள். விளையாட்டு வேலை செய்ததா இல்லையா என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அது. கத்திச் சிரித்த வகுப்பெல்லாம் படித்த வகுப்பில்லை என்பதை எனக்குக் காட்டியதும் அந்தத் தாள்கள்தான்.

இன்னும் இரண்டு விஷயம். நிலத்தில் கல்லு, முள்ளு இருக்கிறதா என்று முதலே நடந்து பாருங்கள். கண்ணை மூட விரும்பாத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். ஏன் என்றும் எல்லார் முன்னாலும் கேட்க வேண்டாம். நேரம் பார்க்கும் வேலையைக் கொடுங்கள்.

மற்றப் பாடக்காரருக்கும் இப்படி ஊரில் கிடைக்கும். கிளித்தட்டுக் கோடுகள் நிலத்தில் போட்ட கட்டங்கள்தானே, ஆள்கூற்றுத் தளம் படிப்பிக்கக் கணித ஆசிரியருக்கு வேறு என்ன வேண்டும்? கொக்கான் வெட்டும்போது எறிந்ததும் பிடித்ததும் எண்ணி நிகழ்தகவுக்கு அட்டவணை போடலாம். எதை எடுத்தாலும், பிள்ளைக்கு விளையாட்டின் விதி முதலே தெரிந்திருந்தால் விதி சொல்லப் போகும் பத்து நிமிடம் உங்களுக்கு மிச்சம்.

டிஜிட்டல் விளையாட்டு வேண்டும் என்றால், கஹூட் போன்ற வினாடிவினாச் செயலிகள் பிள்ளைகளின் கையிலும் கருவி இருந்தால்தான் முழுதாகச் சரிவரும். எங்கள் பக்கம் பிள்ளை போன் கொண்டுவரும் பாடசாலை எங்கே? அதற்கு பிளிக்கர்ஸ் என்ற செயலி நல்லது. பிள்ளைக்கு ஆளுக்கொரு கடதாசி அட்டை. அதிலுள்ள கறுப்புக் கட்டத்தை எந்தப் பக்கம் மேலே வரத் திருப்பிப் பிடிக்கிறாரோ அதுதான் விடை. நீங்கள் உங்கள் போன் கமராவை வகுப்புக்குக் குறுக்கே ஒருமுறை ஓட்டினால் யார் என்ன விடை என்று வந்துவிடும். அட்டைகளை ஒருமுறை போட்டோக்கொப்பி எடுத்தால் வருடம் முழுக்கப் போதும். மினுங்கும் லமினேற் மட்டும் போடாதீர்கள், யன்னல் வெளிச்சம் பட்டால் கமரா வாசிக்காது.

புள்ளி, பட்டம், முதலிடம் என்று பட்டியல் போடுவதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. புலமைப்பரிசில் தொடங்கி எங்கள் பிள்ளைகள் போதுமான அளவு பட்டியல்களில் நின்றுவிட்டார்கள்.

செயற்கை நுண்ணறிவு: முதலில் உங்கள் மேசையில், பிறகு வகுப்பில்

புதியவர்கள் பெரும்பாலும் வழுக்குவது இங்கேதான். நானும் வழுக்கினேன், அதையே சொல்கிறேன்.

நேர்கோட்டியக்கத்துக்குப் பயிற்சித்தாள் வேண்டும் என்று ஒரு இரவு செயலி ஒன்றிடம் கேட்டேன். பத்துக் கேள்வியும் விடையும் அரை நிமிடத்தில் வந்தன. வாசித்தேன், நல்ல தமிழ். அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அடுத்தநாள் ஒரு பிள்ளை விடைத்தாளோடு வந்து நின்றாள்.

"ரீச்சர், ஒராள் 12 மீற்றர் போய் 5 மீற்றர் திரும்பி வாறார், 10 செக்கன். வேகம் 1.7 எண்டு போட்டிருக்கு. வேகம் எண்டா இடப்பெயர்ச்சியை எல்லோ நேரத்தாலை பிரிக்க வேணும்? அப்ப 0.7 தானே?"

அவள்தான் சரி. செயலியும் தன் கணக்கில் பிழை விடவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் தூரத்தை நேரத்தால் பிரித்தால் வேகம், இடப்பெயர்ச்சியை நேரத்தால் பிரித்தால் திசைவேகம். எங்கள் பாடநூலில் முதலாவது கதி, இரண்டாவதுதான் வேகம். ஒரே சொல், இரண்டு கரையிலும் இரண்டு பொருள். இணையத்தில் தமிழ்நாட்டுத் தமிழ்தான் அதிகம், அதனால் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் செயலி அந்தப் பக்கமே சாயும். எங்கள் ஒளித்தொகுப்பு அங்கே ஒளிச்சேர்க்கை. எங்கள் கலம் அங்கே செல். ஒட்சிசன் ஆக்ஸிஜனாகும், ஆர்முடுகல் முடுக்கமாகும், செக்கன் நொடியாகும், தரம் 10 பத்தாம் வகுப்பாகும். இவை கண்ணில் படும், திருத்தலாம். வேகம் போன்ற சொல் கண்ணில் படாது. அதுதான் ஆபத்து.

அன்றிலிருந்து எந்தச் செயலியைத் திறந்தாலும், அது சாட்ஜிபிடியோ ஜெமினியோ, முதலில் இந்தப் பந்தியை ஒட்டிவிட்டுத்தான் மற்றது கேட்பேன்:

"நான் இலங்கையில் தமிழ்மொழி மூலம் தரம் 10 மாணவர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். இலங்கைப் பாடநூற் கலைச்சொற்களையே பயன்படுத்து. தூரத்தை நேரத்தால் பிரித்தால் கதி. இடப்பெயர்ச்சியை நேரத்தால் பிரித்தால் வேகம். வேகம் மாறும் வீதம் ஆர்முடுகல். அலகுகள் மீற்றர், செக்கன். தூரமும் இடப்பெயர்ச்சியும் ஒன்று என்று நினைக்கும் பிள்ளைக்கு ஆறு கேள்விகள் தா. முதல் இரண்டும் மிக இலகுவாக இருக்கட்டும். கடைசிக் கேள்வியில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருபவர் இருக்கட்டும். விடைகளைச் செய்கை வழியோடு தனியாகத் தா."

இதில் மூன்று விஷயம் கவனியுங்கள். எந்தச் சொல்லுக்கு எந்தப் பொருள் என்று கட்டிவிட்டேன். பிள்ளையின் தடக்கு எது என்று சொன்னேன், "நேர்கோட்டியக்கம் பற்றிக் கேள்வி தா" என்று பொதுவாகக் கேட்கவில்லை. செய்கை வழியையும் கேட்டேன், அப்போதுதான் பிழை எந்த வரியில் நுழைந்தது என்று பார்க்கலாம். வந்த தாளைப் பிள்ளையிடம் கொடுக்கமுதல் நீங்களே இருந்து பேனையால் ஒருமுறை செய்யுங்கள். ஆறு கேள்விக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. நான் அன்று மிச்சம் பிடித்தது அந்தப் பத்து நிமிடத்தைத்தான்.

பாடநூலையே கொடுத்துக் கேட்கலாமே என்று நினைப்பீர்கள். நல்ல யோசனை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்கள் பிடிஎஃப் கோப்பாக இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் எங்கள் பழைய வினைத்தாள், குறிப்பு எல்லாம் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்தவை. அதிலிருந்து எழுத்தைப் பிரதிசெய்து ஒட்டினால் செயலிக்குப் போவது தமிழே இல்லை, ஆங்கில எழுத்துக் குப்பை. சில பிடிஎஃப் கோப்புகளிலும் இதே சிக்கல் உண்டு. ஒன்றில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், அல்லது பக்கத்தைப் போனால் படம் எடுத்துப் படமாகவே கொடுங்கள். பெரும்பாலும் வாசித்துவிடும்.

பிள்ளைகளின் பெயர், புள்ளி, வீட்டு நிலைமை ஒன்றையும் செயலியில் எழுதாதீர்கள். "தரம் 10 பிள்ளை ஒருவர்" என்றால் போதும்.

ஊர் விஷயம் கேட்டால் இன்னும் கவனம் வேண்டும். கோயில், குளம், ஊர் வரலாறு என்று கேளுங்கள், தெரியாததையும் தெரிந்தமாதிரி அழகாக எழுதித் தரும். படம் கேட்டால் பனை கேட்ட இடத்தில் தென்னை நிற்கும், பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்து உடைந்து கிடக்கும். அதைவிட உங்கள் வகுப்பில் பின் வாங்கில் இருந்து கொப்பி ஓரத்தில் கீறிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் ஒரு பிறிஸ்டல் போர்ட் கொடுத்துப் பாருங்கள்.

சரி, பிள்ளைகள் பாவிப்பது? அவர்கள் ஏற்கனவே வீட்டில் பாவிக்கிறார்கள். ஒப்படைகளில் திடீரென்று "நொடி" என்றும் "செல்" என்றும் வந்தால் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். பிடித்து ஏசுவதைவிட அதையே பாடமாக்கலாம். செயலி எழுதிய விடை ஒன்றைப் பிரிண்ட் எடுத்து இரண்டு பேருக்கு ஒன்றாகக் கொடுங்கள், சிவப்புப் பேனையும் கொடுங்கள். "இவர் வெளியூரில் இருந்து வந்த மாணவர். பாடநூலோடு ஒப்பிட்டுத் திருத்திப் புள்ளி போடுங்கோ." "வேகம்" என்ற சொல்லில் செயலி விட்ட பிழையை என் வகுப்பு கண்டுபிடித்து வெட்டிய வெட்டில் தாள் கிழிந்தது. இதற்குப் பிள்ளைகளுக்குக் கணக்கும் வேண்டாம், போனும் வேண்டாம். சாட்ஜிபிடி தன் விதிமுறையிலேயே 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இல்லை, 18 வரை பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது, ஆகவே சின்ன வகுப்புகளில் செயலி உங்கள் கையை விட்டுப் போகவேண்டாம்.

கலை: அலங்காரத்துக்கு அல்ல

கலை என்றால் பரிசளிப்பு விழா நடனம் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. நான் சொல்வது அதுவல்ல. அரங்க விளையாட்டும் சிறுவர் அரங்கும் யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. 1978இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியும் நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கமும் அவரிடம் பயின்றவர்களும் போட்ட பாதை அது. உங்கள் பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பிப்பவர் இருந்தால் ஒரு தேநீருக்குக் கூப்பிட்டு அரை மணித்தியாலம் கதையுங்கள். எந்தச் செயலமர்விலும் கிடைக்காததைச் சொல்லித் தருவார்.

நான் நடிக்க வைப்பது நிலத்தடி நீர். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை, வழுக்கியாறும் மழைக்காலத்தில்தான் ஓடும். நாங்கள் குடிப்பது சுண்ணாம்புக் கல்லில் தேங்கிய மழைநீர். அந்த நன்னீர், கடலிலிருந்து அடியால் வந்த உப்புநீரின் மேல், அடர்த்தி குறைவு என்பதால், மிதந்துகொண்டிருக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்பும் என்பது பிள்ளைகள் கேள்விப்பட்டதுதான். ஆனால் "கிணறு ஏன் உவராகிறது" என்று கேட்டால் "கடல் தண்ணி மேலாலை வந்து விழுகுது" என்று எழுதுவார்கள். என் கொப்பியில் இருந்த அடுத்த தடக்கு அது.

வகுப்பு நிலத்தை நிலத்தின் வெட்டுமுகமாக எடுத்துக்கொள்கிறோம். முன்பக்கம் தரை, பின்பக்கம் ஆழம். முன்னால் நெருக்கமாகப் பத்துப் பேர் நன்னீர், அவர்களுக்குப் பின்னால் பதினைந்து பேர் உப்புநீர். நான்கு பேர் மழை. ஒருவர் நீர்ப்பம்பி. பம்பி கைதட்டும்போதெல்லாம் நன்னீரில் ஒருவர் எழும்பிப் போக வேண்டும். இடம் வெறுமையானால் பின்னாலிருப்பவர் முன்னே வரலாம், அவ்வளவுதான் விதி. மழை தாளம் போட்டால் இரண்டு நன்னீர் திரும்பி வரும். முதலில் மழையும் பம்பியும் சமமாகப் போகட்டும். பிறகு மழையை இருத்திவிட்டுப் பம்பியை மட்டும் விடுங்கள். உப்பு முன்வரிசைக்கு வந்ததும் "உறைநிலை!" என்று சொன்னால் எல்லாரும் அப்படியே சிலைபோல நிற்பார்கள். அந்த நேரம் ஒவ்வொருவராகக் கேள்வி கேளுங்கள்.

"உப்புநீரே, நீ ஏன் மேலே வந்தனீ?"

"நான் வரேல்லை ரீச்சர், அவை எழும்பிப் போனவை. இடம் காலியாக் கிடந்தது."

இந்த வசனத்தை அவளே பிறகு பரீட்சைத் தமிழில் எழுதினாள்: நன்னீர் அளவுக்கு மேல் இறைக்கப்படும்போது உவர்நீர் எல்லை உயர்கிறது. பேச்சிலிருந்து எழுத்துக்குக் கொண்டுவரும் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடாதீர்கள், நடிப்பு பரீட்சைத் தாளுக்குப் போய்ச்சேரும் வழி அதுதான். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு இன்னொன்று கொடுக்கலாம்: நன்னீர் மட்டம் ஒரு மீற்றர் இறங்கினால், அடியிலுள்ள உப்புநீர் எல்லை கோட்பாட்டின்படி ஏறத்தாழ 40 மீற்றர் மேலேறும். ஏன் ஒன்றுக்கு நாற்பது? இரண்டு நீரின் அடர்த்தியையும் தேடிக் கணக்குச் செய்துவரச் சொல்லுங்கள்.

பாட்டு, சித்திரம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆவர்த்தன அட்டவணைக்குப் பாட்டுக் கட்டினால் பாட்டுத்தான் மனப்பாடமாகும், இயல்புகள் ஆகாது. சித்திரத்தில் ஒன்று மட்டும் உருப்படியாகக் கண்டேன்: பாடம் தொடங்கமுதல் "உங்கள் வீட்டுக் கிணற்றின் அடியில் என்ன இருக்கிறது, கீறுங்கோ" என்று சொல்லி ஐந்து நிமிடம் கொடுப்பது. பிள்ளை என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று கேள்வி கேட்காமலே தெரியும். பாடம் முடிந்தபின் அதே படத்தைத் திருத்தச் சொல்லுங்கள், வேறு நிறப் பேனையால்.

சத்தம், அதிபர், பக்கத்து வகுப்பு

சத்தம் வரும். பக்கத்து வகுப்பு ஆசிரியருக்கு முதல்நாளே சொல்லிவிடுங்கள், முடிந்தால் அவர்களுக்கு அந்த நேரம் எழுத்துவேலை இருக்கட்டும். அதிபரிடம் அனுமதி கேட்கப் போகும்போது "புதுமுறைக் கற்பித்தல்" என்று போகாமல், ஆசிரியர் வழிகாட்டியில் உள்ள செயற்பாட்டுப் பக்கத்தையும் போன தவணையில் அந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் எடுத்த புள்ளியையும் கொண்டு போங்கள். பாடம் முடிந்த கிழமை அரைத் தாள்களையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். பெற்றோர் யாராவது "ரியூசனில் நோட்ஸ் தருகினம், பள்ளிக்கூடத்திலை விளையாடுகினம்" என்று சொன்னால் அந்தத் தாள்கள் அங்கேயும் உதவும்.

ஒரு தவணைக்கு ஒரு விளையாட்டு, ஒரு நடிப்பு, செயலியோடு இரண்டு மூன்று பயிற்சித்தாள். முதல் வருடத்துக்கு இதற்குமேல் எடுக்காதீர்கள். தொடங்குவதை முதலாந் தவணையில் தொடங்கவேண்டாம், இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மைதானத்தில் கோடு போட்டு, அளவுநாடாவும் அங்கேயே போய்விடும். இரண்டாந் தவணை, காலைப் பாடவேளை, வெயில் ஏறமுதல். மண்ணை மட்டும் முதல்நாள் மாலையே ஒரு வாளியில் அள்ளி வையுங்கள். காலையில் பிள்ளைகளை அள்ள விட்டால் பாதிப் பாடவேளை அதிலேயே போய்விடும்.